காவல் புல்

முதலில் பயந்து ஓடியவன் ஆசீர். நெடுங்கானல் எஸ்டேட்டில் இதைக் கேட்ட யாரும் நம்பவில்லை. தேயிலைத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் கொதிகலன் பார்த்தவன் அவன். ஒருமுறை ஒற்றை யானை, தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டுக் கூரையில் தும்பிக்கை வைத்தபோது, வெறுங்கையோடு வெளியே போய், "போ சாமி, இங்க ஒனக்கு ஒண்ணுமில்ல" என்று பேசியே அனுப்பிவைத்தவன். அப்பேர்ப்பட்டவன் ஒரு பங்குனி மாதத்துப் பட்டப்பகலில், குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான்.

அவன் மனைவி ஜெபக்கனி குனிந்து பார்த்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பல் கிட்டித்துப் போயிருந்தது.

"என்னங்க, என்னத்தக் கண்டிய? சிறுத்தையா?"

"ஒண்ணுங் காணல கனி."

"பெறவு?"

"ஒண்ணுமே இல்ல. அதான் பயமா இருக்கு."

வெயில் சாய்ந்ததும் பயம் தானாக விட்டது. ஆசீர் வெட்கத்தோடு வெளியே போய்க் குடத்தை எடுத்துவந்தான். மறுநாள் உச்சிவெயிலில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரச்சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு அலறினாள். அந்த வாரம் முடிவதற்குள் லயனில் இருந்த அத்தனை பேருக்கும் அது வந்துவிட்டது.

வெயில் ஏறினால் வரும். மூட்டமாக இருந்தால் வராது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். இறங்கி ஓடு, ஓடு என்று கால் துடிக்கும். ஓடினால் சரியாகிவிடும், அதுதான் விசேஷம். பாலத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டால், தண்ணீர் தெளித்த அடுப்பு மாதிரி உடம்பு அடங்கிவிடும்.

நெடுங்கானலில் அப்போது தேயிலை முடிந்துபோயிருந்தது. குத்தகைக் காலம் தீர்ந்து கம்பெனி கிளம்பிவிட்டது. மலையை வரையாடுகளுக்கே திருப்பித் தருவது என்று அரசு முடிவுசெய்திருந்தது. ஒரு காலத்தில் அது வரையாடுகளின் மலைதான். அவை மேய்ந்த புல்வெளியை அழித்துத்தான் தேயிலை நட்டார்கள். நட்ட கைகள் லயன்காரர்களின் பாட்டன் பூட்டன் கைகள். இப்போது அந்தத் தேயிலையைத் தூரோடு பிடுங்கவும், பிடுங்கிய இடத்தில் மலைப்புல் நடவும், அவர்களின் பேரப்பிள்ளைகளையே கூலிக்கு எடுத்தது 'மீள்வனம்' என்ற நிறுவனம். ஜெபக்கனி முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை. முதல் வரையாட்டு மந்தை மேட்டில் வந்து நின்ற அன்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

கீழே தரையில் மாற்று வீடு கட்டிக் கொடுக்கும்வரை லயன்காரர்கள் இங்கேயே இருக்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தி இறக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. மாற்று வீட்டுக்கு ஒரு செங்கல்கூட வரவில்லை. ஆகவே இருந்தார்கள்.

பயம் வந்த பிறகு சபைப் போதகரை அழைத்துவந்தார்கள். பாதி ஜெபத்தில் அவரே வேதப்புத்தகத்தை விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். பேச்சியம்மாள் வீட்டில் கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கையைத் தொடவே இல்லை. "இது பேயில்ல தாயி. பேயின்னா நான் பேசிப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

குடும்பங்கள் கிளம்பத் தொடங்கின. பாலத்தருகே மீள்வனத்தின் தானோட்டி ஜீப் எந்நேரமும் தயாராக நின்றது. ஏறுகிறவர்கள், 'என் விருப்பத்தின் பேரில் வெளியேறுகிறேன்' என்று எழுதிய திரையில் விரல் வைக்க வேண்டும். விரல் நடுங்கியதால் சிலர் இரண்டு மூன்று தரம் வைக்க வேண்டியிருந்தது.

*

ஒரு மத்தியானம் ஜெபக்கனி வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். சன்னல் வழியே எதிர் வரிசை தெரிந்தது. மீள்வனத்து ஆட்கள் இரண்டு பேர், முந்தின நாள் காலியான வீட்டின் கதவைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். இருவரில் ஒருவன் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தான்.

அந்தச் சீட்டிதான் அவளை எழுப்பியது. தான் கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்க, ஒருவன் வெளியே சீட்டியடிக்கிறான். உச்சந்தலைக்கு ஏதோ ஏறியது. விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள்.

"எவன்டா அது, ஆளு போன மறுநா கதவப் பேக்கிறவன்? பொணத்துமேல கம்மல் கழத்துத பயலுவளா! வையி கீழ!"

அவர்கள் கதவைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடுமுன் சீட்டியடித்தவன் ஒரு சின்னக் குப்பியை மூக்கில் வைத்து உறிஞ்சிக்கொண்டான். ஜெபக்கனி முற்றத்தின் நடுவில் மூச்சிரைக்க நின்றாள். அப்புறம்தான் உறைத்தது, தான் வெயிலில் நிற்கிறோம் என்று. பயமில்லை. ஒரு துளிகூட இல்லை. ஆச்சரியத்தில் கோபம் தணிந்தது. தணிந்த மறுகணமே பாதத்திலிருந்து குளிர் ஏறத் தொடங்கியது. கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை அந்தப் பெயர்த்த கதவை நினைத்து நினைத்துக் கோபத்தை ஏற்றிக்கொண்டு, பழைய மேனேஜர் பங்களாவுக்கு நடந்தாள். அதுதான் இப்போது ஆராய்ச்சி நிலையம். மதுவந்தி அங்கே இருந்தாள். முப்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, மெதுவாகப் பேசும் பெண். வரையாடுகளை மலைக்குத் திரும்பக் கொண்டுவந்தவள் அவள்தான். ஒவ்வோர் ஆட்டையும் கொம்பின் வளைவை வைத்தே அடையாளம் சொல்வாள். லயன்காரர்களிடம் மரியாதையாகப் பேசுகிற ஒரே அதிகாரி என்று அவளுக்குப் பெயர்.

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்காந்தா கோவம் போயிரும். நின்னுக்கிட்டே கேக்கேன். நீங்கள்லாம் எப்படிப் பயப்படாம இருக்கிய?"

மதுவந்தி திறந்திருந்த கணினியை மூடினாள். பிறகு மேசையோரம் வந்து நின்றாள்.

"அது புல்லுக்கா. நீங்க நட்டதுல ஒரு வகை. ஊதாத் தண்டோட இருக்குமே, அது. வெயில் பட்டா ஒரு ஆவி விடும். வாசனை இருக்காது. மனுஷங்க மூக்குல மட்டும்தான் வேலை செய்யும். மூளையில பயம் உண்டாகிற இடத்தை நேராப் போய்த் தொடும். ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது. சிறுத்தைக்கும் ஆகாது."

"எதுக்கு?"

"வேட்டைக்காரங்களுக்காக. வேலி போட்டா வரையாடு நடமாட முடியாது. காவலாளி வெச்சா அவரை விலைக்கு வாங்கிடறாங்க. பயத்தை விலைக்கு வாங்க முடியாதில்ல? அதனால காவல் புல்லுன்னு பேர் வெச்சோம்."

"அந்தக் குப்பி?"

"மாத்து மருந்து. ஊழியர்களுக்கும், ஆட்டைப் பார்க்க வர்ற விருந்தாளிங்களுக்கும் தர்றோம்."

"எங்களுக்கு?"

மதுவந்தி நாற்காலியில் தொங்கிய தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"சரி. மேட்டுல நட்டிய, வேட்டைக்காரனுக்குன்னு வச்சிக்கிடுவோம். எங்க வீட்டுக்குப் பின்னால, குழாயடி வரைக்கும் எதுக்கு நடச் சொன்னிய? எங்கையாலதான நட்டேன் அத?"

"வரைபடம் நான்தான் போட்டேன்" என்றாள் மதுவந்தி. "புல் வளர்ந்து வர்றதுக்குள்ள லயன் காலியாகிடும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"மேலிடத்துல."

ஜெபக்கனி சன்னலைக் காட்டினாள். கீழே லயன் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. பேச்சியம்மாள் வீட்டுப் புகை நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க அடுப்புப் பொக தெனமும் இந்தச் சன்னல்ல தெரியுமே. நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்" என்றாள் மதுவந்தி. கேட்காத அளவுக்குச் சின்னக் குரல். "உங்க வீட்டுப் பக்கத்துப் புல்லை எடுக்கச் சொல்லி எழுதுறேன்க்கா. இன்னைக்கே எழுதுறேன்."

"எழுதுங்க. அதுவரைக்கும் அந்த மருந்துல ஒரு குப்பி குடுங்க."

மதுவந்தியின் கை தன் தோள்பையின் வாயை இறுக்கிப் பிடித்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஜெபக்கனி அதைப் பார்த்தாள். பங்களாவின் பளிங்குப் படியில் காறித் துப்பிவிட்டு இறங்கினாள்.

*

எஞ்சியிருந்த குடும்பங்களைக் கூட்டி ஜெபக்கனி விஷயத்தைச் சொன்னாள். புல்லைப் பிடுங்கப் பார்த்தார்கள். முடியவில்லை. கசங்கினால் அது இன்னும் அதிகமாக ஆவி விட்டது. முதல் கைப்பிடியைப் பிடுங்கியவர்கள் பிடுங்கிய கையோடு ஓடினார்கள். வேரும் அறுகம்புல் மாதிரி மண்ணுக்கடியில் ஓடியிருந்தது.

"அப்ப என்ன செய்ய?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"கோவப்படுவோம் மதினி. கோவம் இருக்கறவரைக்கும் இது ஒண்ணுஞ் செய்யாது."

அப்படித்தான் தொடங்கியது. வெயில் ஏறியதும் ஆளாளுக்கு வாசலில் நின்று மீள்வனத்தைத் திட்டினார்கள். பழைய கம்பெனியைத் திட்டினார்கள். வாக்குக் கேட்டு வந்தவர்களைத் திட்டினார்கள். பகலில் மட்டும் தண்ணீர் வரும் குழாயடிக்கு, வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே போய்ப் பிடித்துவந்தார்கள். முதலில் அதில் ஒரு குதூகலம்கூட இருந்தது. பிள்ளைகள் சேர்ந்துகொண்டு கத்திவிட்டுச் சிரித்தன.

கோபமும் விறகு மாதிரிதான். ஒரே கட்டை நெடுநாள் எரியாது. தூரத்தில் இருக்கிற நிறுவனத்தை, முகம் தெரியாத அதிகாரியை எத்தனை நாள் திட்ட முடியும்? ஒரு கட்டத்தில் மீள்வனம் என்று சொன்னால் யாருக்கும் சூடேறவில்லை. பயம் கணுக்கால்வரை வந்துவிடும். அப்போது கைக்குப் பக்கத்தில் கிடக்கிற கட்டையை எடுத்தார்கள். மாமியாரை எடுத்தார்கள், மருமகளை எடுத்தார்கள். பேச்சியம்மாள் தன் கல்யாணத்தில் ஜெபக்கனி வீட்டார் செய்த அவமரியாதையைத் தோண்டி எடுத்து, தினமும் அதைச் சொல்லியே தண்ணீர் பிடித்தாள். ஜெபக்கனி பேச்சியம்மாளின் அண்ணன் செய்த திருட்டைச் சொல்லி விறகு பொறுக்கினாள். வெயில் தாழ்ந்த பிறகும் அந்தச் சொற்கள் அங்கேயே கிடந்தன. சிரித்துக்கொண்டு கத்திய பிள்ளைகள் இப்போது ஒன்றையொன்று கடித்தன. லயனில் பேச்சு போய் ஏச்சு மட்டும் மிஞ்சியது.

சாதுவானவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் இறங்கினார்கள். சண்டைக்காரர்கள் மட்டும் தங்கினார்கள்.

ஆசீருக்குக் கோபமே வராது. கல்யாணமான நாளிலிருந்து அவன் குரல் உயர்ந்து ஜெபக்கனி கேட்டதில்லை. இப்போது அவனை வெளியே நடமாட வைக்க, தினமும் காலையில் அவனைத் திட்டுவதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். முடிந்ததும், "நீ சொல்லுதது சரிதான்" என்பான். வாசற்படி தாண்டியதும் நடுங்கத் தொடங்குவான். அவனை மறுபடி உள்ளே இழுத்துப் போட வேண்டும்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், காலையிலிருந்தே விடாத வெயில். தண்ணீர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல். "எனக்காக ஒரு தடவ கோவப்படுங்க, ஒரே ஒரு குடம்" என்று கெஞ்சினாள். அவன் கதவுவரை போய்த் திரும்பிவந்தான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். எப்போதும் 'நீங்க' என்று சொல்கிறவள் அன்று அதையும் விட்டாள்.

"நீயெல்லாம் ஒரு ஆம்பிளையா? ஒன்ன மாதிரி ஒரு கோழைக்குப் பொறந்ததாலதான் நம்ம புள்ள நாலு நாளுகூடத் தங்காமப் போச்சு. அதுக்கே ஒன்னப் பாத்துப் பயம் வந்திருக்கும்."

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசீர் அவளைப் பார்த்தான். இப்போதாவது அடிப்பான், கத்துவான் என்று ஒரு கணம் அவள் ஆசைப்பட்டாள். அவன் கண்ணில் கோபம் வரவில்லை. கண் நிறைந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை வெயில் ஏறுமுன், மாற்றுத்துணி இரண்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடத் தெரியவில்லை. திட்டுவதற்குத்தான் நாக்கு பழகியிருந்தது.

*

ஜீப் போன சத்தம் அடங்கியதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். அந்தப் புல் முதலில் முளைத்த இடம் மேடுதான். அங்கிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் வெட்டிப்போட வேண்டும், வெட்டிக்கொண்டே செத்தாலும் சரி என்று ஏறினாள். அன்றைக்கு அவளிடம் இருந்த கோபத்துக்குக் கரையே இல்லை. மேட்டை எட்டும்போது உச்சிவெயில் சுட்டது. பயம் அவள் பக்கமே வரவில்லை.

மேட்டில் புல் மாறியிருந்தது. இடுப்பு உயரம். தண்டு ஊதாவாக இல்லை, கருத்திருந்தது. அவள் நட்ட புல் இல்லை இது. யார் கையும் படாமல் மீள்வனத்தின் ட்ரோன்கள் வானிலிருந்து தூவிய விதையாக இருக்க வேண்டும்.

பாறைச் சரிவின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. ஆடு என்று நினைத்தாள். மதுவந்தி. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பாறை விளிம்பை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். அவளுக்குப் பின்னால் புல்லில் காலிக் குப்பி கிடந்தது.

'கெடக்கட்டும்' என்றுதான் ஜெபக்கனி முதலில் நினைத்தாள். 'ஒரு மத்தியானம் கெடந்து பாக்கட்டும்.' நாலடி நடக்கவும் செய்தாள். பிறகு திரும்பி ஓடி, அவள் காலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"அக்கா... ஆடு எண்ணிட்டு வரச் சொன்னாங்க... மருந்து கேக்கலக்கா... ரெண்டு தடவ அடிச்சிட்டேன்... கேக்கல..."

"எந்திரி. நடந்தாத்தான் கீழ போவ முடியும். கோவப்படு."

"முடியல."

"நான் ஏசுதேன், கேளு. பொகையப் பாத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டவதான நீ? ஆட்டுக்குக் கொம்பு எத்தன வளைவுன்னு தெரியும், அடுத்த வீட்ல எத்தன பேருன்னு தெரியாது. எங்க குடியக் கெடுத்த பாவி!"

"ஆமாக்கா. ஆமா. நான்தான்" என்று மதுவந்தி அழுதாள். திட்டத் திட்ட இன்னும் சுருண்டாள். அவள் தன்மேல் கொண்ட வெறுப்பு பயத்துக்குத்தான் தீனியாயிற்று. ஜெபக்கனி கன்னத்தில் ஒன்று வைத்தாள். அதற்கும் அழுகைதான்.

ஜெபக்கனி நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த தண்டு ஒன்றை ஒடித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது ஆரு நட்ட புல்லு?"

"தெரியல."

"ஒம் புல்லுதான? ஒங்கிட்டக் கேக்காம எவன் மாத்துனான்?"

மதுவந்தி தண்டைப் பார்த்தாள்.

"எங்களுக்குக் கோவம் வந்து இது வேல செய்யலன்னதும், கூடுதலா ஒண்ணு செஞ்சு தூவிட்டாவ. ஒங்கிட்டச் சொன்னாவளா? சொல்லல. மேல போ, ஆட்ட எண்ணிட்டு வான்னு அனுப்பி வச்சிட்டாவ. மருந்து கேக்குமா, நீ திரும்புவியான்னு எவனும் நெனைக்கல. எனக்கு மம்பட்டி, ஒனக்குக் கம்ப்யூட்டரு. அவ்வளவுதான் வித்தியாசம். நீயும் கூலிதான்டி. ஒன்னயும் ஒரு ஆளா எவனும் எண்ணல."

மதுவந்தியின் அழுகை நின்றது.

"அந்தப் புல்லோட அறிவியல் பேரா என் பேரைத்தான் வெச்சாங்க" என்றாள். பல்லிடுக்கில் ஒரு சொல் சொன்னாள். அவள் வாயில் அப்படி ஒரு சொல் வரும் என்று ஜெபக்கனி எதிர்பார்க்கவில்லை. இன்னொரு தரம், உரக்கச் சொன்னாள். பாறையைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"விட்றாத. அதையே பிடிச்சிக்க. நட" என்றாள் ஜெபக்கனி.

இறங்கும் வழியெல்லாம் மதுவந்தி ஏசிக்கொண்டே வந்தாள். குரல் தளரும்போதெல்லாம் ஜெபக்கனி எடுத்துக்கொடுத்தாள். லயனுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு மதுவந்தி சொன்னாள்: "பயமும் கோபமும் ஒரே வாசல் வழியாத்தான் உள்ள போகுதுக்கா. ஒண்ணு முதல்ல போய் உக்காந்துட்டா இன்னொண்ணுக்கு இடமில்ல. நாங்க சோதனை பண்ணினப்போ வந்தவங்க எல்லாரும் கூலி வாங்கிட்டு அமைதியா உக்காந்திருந்தவங்க. கோபமா இருக்கிறவங்களை யாரும் சோதிக்கல."

"எங்க வீட்டுக்கு வந்திருந்தா சோதிச்சிருக்கலாம்" என்றாள் ஜெபக்கனி.

*

மதுவந்தி நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மீள்வனம் அப்படி ஒரு புல்லே இல்லை என்றது. பிறகு, இருக்கிறது, ஆனால் ஆளில்லாத இடத்தில் நடக்கும் சோதனை என்றது. நேரில் பார்த்துவர ஒரு குழுவை நீதிமன்றம் அனுப்பியது. நல்ல வெயில் நாள். குழுவும் இரு தரப்பு வக்கீல்களும் முற்றத்தில் இறங்கினார்கள். வாதம் தேவைப்படவில்லை. இரு தரப்பு வக்கீல்களும் அலறியடித்து ஓடி ஜீப்பில் ஒரே இருக்கையில் ஏறப் பார்த்ததை லயன்காரர்கள் வெகுநாள் சொல்லிச் சொல்லி ஆத்திரப்பட்டார்கள். 'நீங்க அரை நாழி நின்னிய. நாங்க ஆறு மாசம் இருந்தோம்' என்பது பேச்சியம்மாளின் வாசகம்.

புல்லை அடியோடு எடுக்க உத்தரவாயிற்று. எடுப்பது யார்? கருந்தண்டுக்கு மருந்தே இல்லை. வெளியாள் ஒருவரும் மேட்டில் கால்வைக்க முடியவில்லை. கடைசியில் கோபத்தில் பழகிய லயன்காரர்களைத்தான் கேட்டார்கள். கசங்கும் புல்லின் நடுவில் நிற்க மலையளவு கோபம் வேண்டும். அவரவர் கோபத்தை அவரவர் கொண்டுவந்தார்கள். ஜெபக்கனிக்கு யாரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் காய்ச்சல் நாளில் தன் வாயிலிருந்து வந்ததை நினைத்துக்கொள்வாள். அது போதும், மாலைவரை தாங்கும்.

ஐப்பசி மழைக்குமுன் வெட்டி முடித்து, வெறும் மலைப்புல்லை, எந்தச் சூதுமில்லாத பழைய புல்லை நட்டார்கள். ஆசீர் திரும்பி வந்தான். யாரும் அழைக்கவில்லை. மஞ்சள் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. ஆனால் யாரையாவது அவள் குரல் உயர்த்தித் திட்டினால், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுப் படிக்குப் போய்விடுவான். மன்னிப்புக் கேட்கப் பல தரம் வாயெடுத்தாள். ஒவ்வொரு தரமும், "சோறு பத்தலையா?" என்றுதான் வந்தது.

தை மாதத்தில் ஒரு வரையாட்டுப் பெட்டை லயனுக்குப் பின்னால் வந்து குட்டி போட்டது. இரண்டு நாளில் இன்னும் நாலைந்து வந்தன. வேலை போய், சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து ஆடுகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த மதுவந்தி, அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சிறுத்தைக்கு மனுஷங்க நடமாடுற இடம் ஆகாதுக்கா. குட்டிக்குப் பாதுகாப்புன்னு உங்ககிட்ட வந்திருக்குங்க. மனுஷங்களே வராம மேட்டைக் காவல் காத்தோமே, அந்த வருஷம் பொறந்த குட்டிகள்ல பாதிக்குமேல சிறுத்தை எடுத்திருச்சு. ஏன்னு எனக்குப் புரியாமலே இருந்தது." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை எழுதப் போறேன்."

எழுதினாள். அதைப் படித்துவிட்டுத்தான் அரசு அதிகாரி ஒருவர் வந்தார். நாகரிகமான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஜெபக்கனி வீட்டுப் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தடி தூரத்தில், குழாயடி ஈரத்தில், அன்று காலை பிறந்த குட்டி ஒன்று நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. தாய் ஆடு அதை நக்கிக்கொண்டிருந்தது.

"நல்ல செய்திம்மா" என்றார். "நீங்க யாரும் போக வேண்டாம். வரையாட்டுக்கு உங்க நடமாட்டம் தேவைன்னு அரசு ஏத்துக்கிச்சு. உங்களை 'வாழிட மனிதர்கள்'னு ஒரு வகையில சேர்க்கிறோம். வீட்டை மாத்திக் கட்டக் கூடாது, நாய் வளர்க்கக் கூடாது, குட்டி போடற காலத்துல வெளியூர் போகக் கூடாது. மத்தபடி நிம்மதியா இருக்கலாம்."

"இருக்கலாம்னா?" என்று கத்தினாள் ஜெபக்கனி.

தாய் ஆடு விருட்டென்று தலை நிமிர்ந்தது. குட்டி தடுமாறி முன்கால் மடங்கி விழுந்தது. வீட்டுக்குள் தட்டு ஒன்று நகரும் சத்தம் கேட்டது. ஜெபக்கனி உதட்டைக் கடித்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். எவ்வளவு தாழ்த்தினாள் என்றால், ஏச்சு வாங்குகிற அதிகாரி அதைக் கேட்க முன்னால் குனிய வேண்டியிருந்தது.

"மொதல்ல பயத்த எங்களுக்கு வேலியாப் போட்டிய. இப்ப எங்களையே ஆட்டுக்கு வேலியாப் போடுதிய. இருக்கலாம்னு சொல்லுததுக்கு நீங்க ஆரு? எங்கையால தேயில புடுங்கி, எங்கையால புல்லு நட்டு, அந்தப் புல்லயும் எங்கையால வெட்டிப்போட்ட மலை இது. இருங்கன்னும் போங்கன்னும் எங்களச் சொல்லச் சொல்லி ஒங்கள ஆரு வச்சா?"

"அம்மா, நல்லதுதானே சொல்றோம்..."

"நாளைக்கு ஒருத்தர் வந்து, ஆட்டுக்கு மனுசன் வேண்டாம்னு எழுதுவாரு. அப்ப?"

அவர் குட்டியின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"பட்டா குடுங்க. ஆடு இங்கேயே இருந்துட்டுப் போவட்டும். அதுக்கும் எங்களுக்கும் தகராறு கெடையாது."

"இந்தத் திட்டத்துல பட்டாவுக்கு இடமில்லம்மா" என்றார் அவரும் தாழ்ந்த குரலில். கையிலிருந்த திரையைப் பார்த்தார். "ஏதாவது ஒண்ணு பதிவு பண்ணியாகணும். நான் என்னன்னு எழுதிக்கட்டும்?"

"வீட்டுக்காரி வீட்ல இருக்கான்னு எழுதுங்க."

உள்ளிருந்து ஆசீர் வந்து அவளுக்குப் பின்னால் நிலைப்படியில் உட்கார்ந்தான். கையில் தட்டு இருந்தது. குட்டி மறுபடி எழுந்து, நாலு காலையும் அகட்டி நின்றது. அதிகாரி எழுந்தார். நாற்காலி கல்லில் உரசிக் கிறீச்சிட்டது.

"தூக்கி வையிங்க, இழுக்காதிய" என்று ஜெபக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, அதற்கும் ஏசினாள்.